சிறு குழந்தைகளுக்கான உளவியல் மதிப்பீடு: உடனிருந்து உதவுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மூன்று, நான்கு வயதுக் குழந்தையை ஓர் உளவியலாளர் நேரில் பார்ப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்தான். புது அறை, புது முகம், மேசை மேல் இதுவரை பார்த்திராத மரத்துண்டுகள். அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தை அழலாம், தூங்கிவிடலாம், அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளலாம். அதை வைத்து மட்டும் எழுதப்படும் அறிக்கை குழந்தையைப் பற்றியதாக இருக்காது, அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். மீதி நேரமெல்லாம் குழந்தையோடு இருப்பவர்கள் அங்கன்வாடிப் பணியாளர், எல்.கே.ஜி. ஆசிரியை, சிறப்புப் பயிற்றுநர், பெற்றோர். அவர்கள் பார்த்ததை உளவியலாளரின் மேசைக்குக் கொண்டுசேர்ப்பது எப்படி, மதிப்பீடு நடக்கும்போது எப்படி நடந்துகொள்வது, முடிந்த பிறகு என்ன செய்வது என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

வெளிநாடுகளில் இருப்பதுபோல் பள்ளிக்கென்றே நியமிக்கப்பட்ட கல்வி உளவியலாளர் நம் ஊரில் அரிது. இங்கே அந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் மருத்துவ உளவியலாளர்களும் மறுவாழ்வு உளவியலாளர்களும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம், மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு, முட்டுக்காட்டில் உள்ள தேசிய பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனம், வட்டார வள மையம் நடத்தும் மருத்துவ முகாம் ஆகிய இடங்களில் அவர்களைப் பார்க்கலாம். தனியாரிடம் போவதானால், ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பதிவு எண் அறிக்கையின் கீழே கையெழுத்தோடு இருக்க வேண்டும். கேட்கத் தயங்க வேண்டாம், நல்ல உளவியலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

1. அனுப்புவதற்கு முன்: காதும் கண்ணும்

பேசாத குழந்தை என்றதும் நேராக உளவியலாளரிடம் அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. முதலில் செவித்திறன் பரிசோதனை. "கூப்பிட்டால் திரும்புகிறானே" என்பது சான்று ஆகாது. கதவு அதிரும் ஓசைக்கும் நிழல் அசைவுக்கும்கூடக் குழந்தை திரும்பும். ஓஏஇ, பெரா என்று சொல்லப்படும் இரண்டு சோதனைகளுக்கும் குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை, தூங்கினாலே போதும். அந்த முடிவும் கண் பரிசோதனைச் சீட்டும் இல்லாமல் போனால், பெரும்பாலும் "அதை முடித்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்த குடும்பத்துக்கு அது ஒரு நாள் சம்பளம்.

2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும். அவர்கள் வரும் நாளில் சந்தேகமுள்ள குழந்தை விடுப்பில் இருந்துவிடக் கூடாது. முதல் நாளே வீட்டுக்குச் சொல்லி வரவழைத்துவிடுங்கள். அவர்கள் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டு மாவட்ட மையத்தில் வேலையை எளிதாக்கும்.

பதினாறு மாதம் முதல் முப்பது மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு, ஆட்டிசம் சந்தேகத்தைக் கண்டறிய உதவும் எம்-சாட் என்ற இருபது கேள்விப் படிவத்தைப் பலர் நிரப்பித் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் அது சல்லடை மட்டுமே. அதில் அதிக மதிப்பெண் வந்துவிட்டது என்று அம்மாவிடம் "ஆட்டிசம்" என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். அதைச் சொல்லும் தகுதியும் பொறுப்பும் நமக்கு இல்லை.

2. பெற்றோரிடம் பேசுவது

இந்தப் பகுதியில்தான் பல மதிப்பீடுகள் தொடங்குவதற்கு முன்பே நின்றுபோகின்றன. "உங்கள் பிள்ளைக்கு ஏதோ பிரச்சினை இருக்கிறது, காட்டுங்கள்" என்று வாசலில் நின்று சொன்னால் மறுநாள் குழந்தை வராது. வீட்டில் மாமியார் "இவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார்" என்று முடித்துவிடுவார். குழந்தையைக் கூப்பிட்டுப் போகும் அவசரத்தில் பேசாமல், அம்மா அப்பா இருவரும் இருக்கும் நேரத்தில், உட்கார வைத்துப் பேசுங்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "மற்ற பிள்ளைகள் தண்ணீர் வேண்டும் என்று கேட்கிறார்கள். இவள் என் கையைப் பிடித்துக் குடத்துக்கு இழுத்துப் போகிறாள். வீட்டில் எப்படிக் கேட்கிறாள்?" கேள்வியாக முடித்தால் அவர்களே பேசத் தொடங்குவார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். என்ன சோதனை, யார் செய்வார்கள், அறிக்கை யாருக்குத் தரப்படும் என்று படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த நேரத்திலேயே இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுங்கள்: இந்த அறிக்கையைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறது. பெற்றோரின் பாதி பயம் அங்கேதான் இருக்கிறது.

3. பிறந்த தேதி

ஒரு வரியில் முடிந்துவிடும் விஷயம்போலத் தோன்றும். ஆனால் மதிப்பீட்டில் மிகப் பெரிய பிழை இங்கிருந்துதான் வருகிறது, ஏனென்றால் எல்லாக் கணக்கும் வயதால் வகுத்து வருவது.

சமூக முதிர்ச்சி அளவுகோலில் (அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறனை அளக்கும் கருவி, 7ஆம் பகுதியில் வருகிறது) ஒரு குழந்தைக்கு 30 மாதத்துக்கான திறன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளிப் பதிவேட்டின்படி வயது 50 மாதம். முப்பதை ஐம்பதால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் ஈவு 60. இப்போது, சீக்கிரம் சேர்க்க வேண்டும் என்று பதிவேட்டில் ஒரு வருடம் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள், உண்மையான வயது 38 மாதம்தான் என்று தெரிகிறது. அதே குழந்தை, அதே திறன், ஆனால் ஈவு 79. மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட சான்றளிப்பு நெறிமுறையில் (2024 மார்ச்சில் அதற்குப் பதிலாகத் திருத்திய நெறிமுறை வந்தது) 55 முதல் 69 வரை லேசான குறைபாடு, அதன் அளவு 50 சதவீதம் என்று இருந்தது. 70 முதல் 84 வரை எல்லைக்கோடு, 25 சதவீதம். சலுகைகளுக்கான குறைந்தபட்ச வரம்பு 40 சதவீதம். ஒரு தேதி அந்தக் கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை மாற்றிவிடுகிறது.

ஆகவே பள்ளிப் பதிவேட்டை நம்பாமல் பிறப்புச் சான்றிதழையும் தாய்-சேய் நல அட்டையையும் கேளுங்கள். ஊர் விட்டு ஊர் வந்து கட்டட வேலை செய்யும் குடும்பங்களிடம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். அப்போது "பொங்கலுக்கு முன்பா பின்பா, மூத்தவன் அப்போது எந்த வகுப்பில் இருந்தான்" என்று பேச்சுவாக்கில் நெருங்கி வந்து, "உத்தேசம்" என்று குறித்துவிட்டு எழுதுங்கள். குறைமாதக் குழந்தை என்றால் எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதும் வேண்டும். 32 வாரத்தில் பிறந்த 14 மாதக் குழந்தையை 12 மாதக் குழந்தையாகக் கொண்டுதான் பார்ப்பார்கள். பொதுவாக இரண்டு வயது வரை இந்தத் திருத்தம் உண்டு.

அதே அட்டையில் இருந்து எடுக்க வேண்டிய மற்றவை: பிறப்பு எடை, பிறந்தவுடன் அழுததா, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்களா, மஞ்சள் காமாலை, வலிப்பு, எந்த மாதத்தில் தலை நின்றது, உட்கார்ந்தது, நடந்தது. பேசிய சொற்கள் சில காலம் வந்து, பிறகு நின்றுபோயினவா என்பதைத் தனியாகக் கேளுங்கள். அம்மாக்கள் அதைத் தாமாகச் சொல்வதில்லை. உளவியலாளருக்கு அது மிக முக்கியம்.

4. பார்த்ததை எழுதுவது

உங்கள் பங்களிப்பில் பெரியது இதுதான். ஆசிரியர்கள் கொண்டுவரும் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கிறது: "கவனம் இல்லை. அடம் பிடிக்கிறான். யாரோடும் சேர மாட்டான்." மூன்றும் முடிவுகள். இவற்றை வைத்துக்கொண்டு உளவியலாளர் ஒன்றும் செய்ய முடியாது. அதே குழந்தையைப் பற்றி இப்படி எழுதலாம்:

"காலை 10.40. கதை நேரம். மற்ற பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். இவன் ஜன்னலோரம் நின்று பொம்மைக் காரைக் கவிழ்த்து அதன் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். பின்னால் நின்று பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டேன், திரும்பவில்லை. அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்டதும் உடனே ஓடினான். திரும்பி வந்தபோது காரை எடுத்து அலமாரியில் வைத்தேன். தரையில் படுத்து அழுதான், சுமார் நான்கு நிமிடம். இடையில் என் முகத்தைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தான். காரைக் கொடுத்ததும் அழுகை நின்றது."

இதில் ஒரு முடிவும் இல்லை. ஆனால் பெயருக்குத் திரும்பாதவன் மெல்லிய சத்தத்துக்கு ஓடுகிறான், அழுகை எப்போது தொடங்கி எதனால் நிற்கிறது, வேண்டியதைக் கேட்க ஆளைப் பார்ப்பதில்லை என்று படிப்பவர் எத்தனையோ எடுத்துக்கொள்ளலாம். முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது என்ற மூன்றும் ஒவ்வொரு குறிப்பிலும் இருக்கட்டும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு வேளையில் எழுதுங்கள். சாப்பாட்டு நேரம், கழிப்பறை, வெளியே விளையாட்டு, வீட்டுக்குப் போகும் நேரம் ஆகியவற்றில் வகுப்பறையில் தெரியாதது தெரியும்.

குழந்தையால் முடிந்தவற்றையும் அதே கவனத்தோடு எழுதுங்கள். குறை மட்டுமே நிறைந்த குறிப்பைப் பார்த்தால் எழுதியவர் குழந்தையைப் பார்க்கவில்லை, புகாரைத்தான் பார்த்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். வாசலில் கிடக்கும் செருப்புகளில் யாருடையது எது என்று கண்டுபிடிப்பான், பாட்டின் முதல் வரி வந்தால் இரண்டாம் வரியை முணுமுணுப்பான் போன்ற சிறு செய்திகளிலிருந்துதான் உளவியலாளர் எங்கே தொடங்குவது என்று முடிவு செய்கிறார்.

மதிப்பீட்டு அறையில் வெளிப்படாத ஒன்று வீட்டில் நடக்கிறதென்றால் ஒரு நிமிட வீடியோ போதும். பெற்றோரே எடுக்கட்டும், அவர்கள் கைப்பேசியிலேயே இருக்கட்டும். ஆசிரியர் குழுவின் வாட்ஸ்அப்பில் அது ஒருபோதும் வரக் கூடாது.

5. நாளும் அறையும்

நேரம் வாங்கும்போதே குழந்தையின் தூக்க நேரத்தைச் சொல்லிவிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு எந்த மூன்று வயதுக் குழந்தையும் தன் திறமையைக் காட்டாது. காலையில் சாப்பிட வைத்து அழைத்து வரச் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடும் குழந்தை அன்றும் வழக்கம்போல் சாப்பிட வேண்டும். சோதனைக்காக ஒரு வேளை நிறுத்துவது ஆபத்து. முதல் நாள் இரவு வலிப்பு வந்திருந்தால் தேதியை மாற்றுங்கள்.

அறையை நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தால், குழந்தையின் கால் தரையில் ஊன்றும் உயரத்தில் நாற்காலி. இல்லையென்றால் பாய். சுவரில் உள்ள அட்டைகளைக் கழற்றிவிடுங்கள், நிற அட்டையும் எண் அட்டையும் விடை சொல்லிக்கொடுத்துவிடும். சில குழந்தைகள் மின்விசிறி சுழல்வதைப் பார்க்கத் தொடங்கினால் வேறெதையும் பார்க்க மாட்டார்கள். அப்படி இருந்தால் முதலிலேயே உளவியலாளரிடம் சொல்லிவிடுங்கள், விசிறியை நிறுத்துவதா என்று வெயிலைப் பொறுத்து அவர் முடிவு செய்வார்.

சோதனைப் பொருள்களைக் காட்டி முன்கூட்டியே பழக்கவே கூடாது. பொம்மைக் கடையில் விற்கும் வடிவப் பலகையை வாங்கி ஒரு வாரம் பயிற்சி கொடுத்து அழைத்து வரும் பெற்றோர் உண்டு. பாசம்தான், ஆனால் அந்த எண் பிறகு ஒன்றுக்கும் உதவாது. வேறிடத்தில் அண்மையில் இதே சோதனை நடந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

6. மதிப்பீடு நடக்கும்போது

உங்களை உள்ளே இருக்கச் சொன்னால், குழந்தைக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் உட்காருங்கள். உங்கள் முகம் குழந்தைக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. காரணம், செகுவின் வடிவப் பலகை நடக்கும்போது புரியும். பத்து வடிவங்களுக்குப் பள்ளம் வெட்டிய மரப்பலகை அது. துண்டுகளை எடுத்து மூன்று அடுக்காக வைத்துவிட்டு, முடிந்த வேகத்தில் திரும்பப் பொருத்தச் சொல்வார்கள். மூன்று முறை நடக்கும், குறைந்த நேரம் கணக்கில் வரும். குழந்தை அறுகோணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வட்டத்தின் மேல் அழுத்தும். பார்த்துக்கொண்டிருக்கும் டீச்சருக்குப் பொறுக்காது. வாய் பேசாது, ஆனால் கண் சரியான பள்ளத்துக்குப் போய்விடும். குழந்தை அந்தக் கண்ணைப் பார்த்துப் பொருத்திவிடும். உதடு கடிப்பது, மூச்சை இழுப்பது, "ம்" என்பது எல்லாமே குறிப்புதான். தேர்வு மேற்பார்வையாளர் மாணவனின் விடைத்தாளை எட்டிப் பார்த்துத் தலையாட்டுவதைப்போல அது.

"சபாஷ்", "கரெக்ட்" வேண்டாம். உளவியலாளர் பொதுவாக, சரியோ தவறோ, முயற்சியைத்தான் பாராட்டுவார்.

மொழிபெயர்ப்பு உங்கள் பொறுப்பானால் இன்னும் கவனம் தேவை. மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரம், ஆம்பூர், வாணியம்பாடியில் உருது, ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம். இந்தக் குழந்தை தமிழில் பதில் சொல்லாததை மொழி வளர்ச்சிக் குறைவு என்று எழுதிவிடக் கூடாது. வீட்டு மொழி எது, தமிழ் எத்தனை மாதமாகக் காதில் விழுகிறது என்று முதலிலேயே தெரிவியுங்கள். கேள்வியை அப்படியே சொல்லுங்கள், விளக்கிச் சொல்ல வேண்டாம். குழந்தை சொன்னதையும் அப்படியே திருப்பிச் சொல்லுங்கள், இலக்கணத்தைத் திருத்த வேண்டாம். தனியார் மழலையர் பள்ளிக் குழந்தைக்கு "நீலம்" தெரியாது, "புளூ" தெரியும். "வட்டம்" தெரியாது, "சர்க்கிள்" தெரியும். இதை இடையில் குறுக்கிடாமல் தாளில் குறித்து, ஒரு பகுதி முடிந்ததும் காட்டுங்கள்.

7. அம்மாவிடம் கேட்கும் கேள்விகள்

சிறு குழந்தைக்கு நம் ஊரில் அதிகம் பயன்படும் கருவி வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். அமெரிக்க உளவியலாளர் எட்கர் டால் 1935இல் உருவாக்கியதை மாலின் என்பவர் இந்தியாவுக்கு ஏற்ப அமைத்தார். பிறப்பு முதல் பதினைந்து வயது வரை 89 கேள்விகள். தானாகச் சாப்பிடுவது, உடுத்துவது, நடமாடுவது, பேசுவது, பழகுவது என எட்டுத் துறைகள். குழந்தையிடம் அல்ல, வளர்ப்பவரிடம் கேட்பது.

இங்கே உதவியாளரின் காதுதான் வேலை செய்ய வேண்டும். "தானாகச் சாப்பிடுவானா அம்மா?" "சாப்பிடுவான் சார்." உளவியலாளர் குறித்துக்கொள்வார். ஆனால் நீங்கள் அங்கன்வாடியில் பார்த்தது வேறு: தட்டின் முன்னால் உட்கார்ந்து யாராவது ஊட்டுவார்களா என்று காத்திருப்பான். அம்மா பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை ஊட்டினால் மறுக்காமல் சாப்பிடுகிறான் என்பதே "சாப்பிடுவான்". உளவியலாளரின் அனுமதியோடு கேள்வியை இப்படி மாற்றலாம்: "நேற்று இரவு என்ன சாப்பிட்டான்? தட்டு யார் கையில் இருந்தது?" நேற்று நடந்ததைக் கேட்டால் பதில் நேராக வரும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நம் வீடுகளில் ஐந்து வயது வரை பாட்டி ஊட்டுவாள், குளிப்பாட்டுவாள், சட்டை மாட்டுவாள். செய்ய முடியாததால் செய்யாத குழந்தையும், செய்ய விடாததால் செய்யாத குழந்தையும் அளவுகோலில் ஒரே எண்ணில் வந்து நிற்கும். பள்ளியில் யாரும் இல்லாதபோது பொத்தானைத் தானே கழற்றியதை நீங்கள் பார்த்திருந்தால், அதைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். அப்பா, பாட்டி, ஆசிரியை மூவரின் பதிலும் ஒத்துப்போகவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். உளவியலாளருக்கு அந்த முரண்பாடும் தகவல்தான்.

ஆட்டிசம் சந்தேகம் இருந்தால், மூன்று வயதுக்கு மேல், இசா எனப்படும் இந்திய அளவுகோலைப் பயன்படுத்துவார்கள். நாற்பது கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 70க்குக் கீழே என்றால் இல்லை என்று பொருள். அந்த நடத்தை எத்தனை அடிக்கடி நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே மதிப்பெண் என்பதால், "எப்போதும்", "சில நேரம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் உங்கள் குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

8. முடிந்த பிறகு

முடிவை முதலில் கேட்க வேண்டியவர்கள் பெற்றோர். வராந்தாவில் நின்று எண்ணைச் சொல்லும் பழக்கத்தை விட வேண்டும். அறையில் பேசும்போது நீங்கள் உடன் இருந்து குறிப்பெடுங்கள். கெட்ட செய்தி கேட்ட அம்மாவுக்கு அதன் பிறகு சொன்ன எதுவும் நினைவில் இருக்காது. "ஒன்றும் இல்லை, போகப் போகச் சரியாகிவிடும்" என்று ஆறுதலாகச் சொல்வதுபோல் உளவியலாளர் சொன்னதைக் கலைத்துவிடாதீர்கள். கைப்பேசியால்தான் இப்படி ஆயிற்று என்று யாராவது தொடங்கினால் பேச்சை மாற்றுங்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அறிவுசார் குறைபாடு என்று எழுத மாட்டார்கள். சான்றளிப்பு நெறிமுறைப்படி ஒரு வயது முடிந்ததிலிருந்து ஐந்து வயது வரை ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்றுதான் சான்று. அதேபோல் யு.கே.ஜி. குழந்தை எழுத்தைத் திருப்பிப் போடுகிறது என்று டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) சான்று கேட்டு நச்சரிக்க வேண்டாம். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை அதே நெறிமுறையில் மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயதில்தான் பார்க்கத் தொடங்குகிறார்கள். நான்கு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடாத குழந்தை எது?

உளவியலாளரின் அறிக்கையும் மாற்றுத்திறனாளி சான்றும் ஒன்றல்ல. சான்று, யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இரண்டுக்கும் அரசு மருத்துவமனையில் தனியாகப் போக வேண்டும். அறிக்கையின் நகலைக் கையோடு கொண்டு போனால் ஒரு அலைச்சல் குறையும்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பரிந்துரைகள் இருக்கும். "கவனத்தை மேம்படுத்தும் செயல்பாடுகள்" போன்ற வரி இருந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள்: திங்கட்கிழமை காலை வகுப்பில் நான் என்ன செய்வது? "இரண்டு படங்களில் ஒன்றைக் காட்டித் தண்ணீர் கேட்கப் பழக்குவது, ஒவ்வொரு முறை தாகம் எடுக்கும்போதும், மூன்று மாதம்" என்ற அளவுக்குப் பதில் வரும்வரை விடாதீர்கள். கேட்டால் சொல்வார்கள், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

கடைசியாக, ஒரு கோப்பு. பிறப்புச் சான்று, தாய்-சேய் நல அட்டை நகல், செவி, கண் பரிசோதனைச் சீட்டுகள், உங்கள் குறிப்புகள், எந்தத் தேதியில் எந்தச் சோதனை என்ற விவரத்தோடு அறிக்கை. அசல் பெற்றோரிடம், நகல் பூட்டிய அலமாரியில். முகப்பில் குழந்தைக்கு ஐந்து வயது முடியும் தேதியை எழுதி வையுங்கள். வளர்ச்சித் தாமதச் சான்று அப்போது புதுப்பிக்கப்பட வேண்டும், மறுமதிப்பீட்டுக்கு நேரம் வாங்கவே சில வாரங்கள் ஆகும் என்பதால் இரண்டு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.